மயக்க மருந்துப் படிப்பு எடுக்கலாமா? அம்மா வேண்டாம் என்கிறார்

பொருநைப்பெண் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். தென் மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் சிஆர்ஆர்ஐ (எம்பிபிஎஸ் கடைசியில் வரும் கட்டாயப் பயிற்சி) செய்துகொண்டிருக்கிறேன். இன்னும் நாலு மாதம் பாக்கி. 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்ததே, அந்த முதல் வருடத்திலேயே சேர்ந்தவள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை எங்கள் ஊர் அரசுப் பள்ளிதான். அம்மா பீடி சுற்றுகிறார். அப்பா இல்லை. தம்பி பாலிடெக்னிக் படிக்கிறான். எங்கள் தெருவிலேயே நான்தான் முதல் டாக்டர், அதனால் இதையெல்லாம் உட்கார்ந்து கேட்க வீட்டுப் பக்கம் ஆள் இல்லை.

போன மாதம் மயக்கவியலில் 15 நாள் போஸ்டிங் முடித்தேன். சும்மா கையெழுத்து வாங்கப் போன இடம். நாலாவது நாள் இரவு, வலிப்பு வந்த நிலையில் ஒரு கர்ப்பிணியைத் தாலுகா ஆஸ்பத்திரியிலிருந்து 108-இல் கொண்டுவந்தார்கள். முழு மயக்கம் கொடுத்துத்தான் சிசேரியன். மூச்சுக்குழலுக்குள் குழாய் போடும் முன் உதவிப் பேராசிரியர் மாஸ்க்கை என் கையில் கொடுத்து, "பையை அமுக்கும்மா. இப்ப அந்தப் பொண்ணுக்கு நீதான் மூச்சு" என்றார். அந்த ஒன்றிரண்டு நிமிடத்தை என்னால் மறக்க முடியவில்லை. அதற்கு முன் மெடிசின், ஓஜி (மகப்பேறு), பீடியாட்ரிக்ஸ் (குழந்தைகள்) எல்லாம் பார்த்துவிட்டேன். எதிலும் இப்படித் தோன்றியது இல்லை.

வீட்டில் சொன்னேன். அம்மா முகம் மாறிவிட்டது. என்னைப் பெற்றபோது முதுகில் போட்ட ஊசியால்தான் இன்றுவரை முதுகு வலி என்பது அவர் நம்பிக்கை. "அந்த ஊசியப் போடுற வேலைக்கா நீ இத்தனை வருஷம் படிச்ச?" என்று கேட்டார். மாமா வேறு, மயக்க டாக்டருக்கு போர்டு மாட்ட முடியாது, ஆஸ்பத்திரி கட்ட முடியாது, ஊரில் யாருக்கும் பேர் தெரியாது என்கிறார்.

இன்னொரு குழப்பமும் உண்டு. முடித்த கையோடு ஒரு வருடம் உட்கார்ந்து முதுநிலைப் படிப்புக்கான நீட் பிஜிக்குப் படிப்பதா, அரசு வேலைக்கான எம்ஆர்பி (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதி உதவி மருத்துவராகச் சேர்ந்துவிட்டு அப்புறம் சர்வீஸ் கோட்டாவில், அதாவது அரசு டாக்டர்களுக்கான ஒதுக்கீட்டில், போவதா? வீட்டுக்கு இப்போது சம்பளம் தேவை. இந்த வேலையில் இருப்பவர்களின் சாதாரண நாள் எப்படி இருக்கும், வீடு, பிள்ளைகள், தூக்கம் எல்லாம் எப்படி என்று யாராவது உள்ளபடி சொன்னால் நன்றாக இருக்கும்.


காவிரிக்கரை எழுதியது:

உங்கள் பதிவைக் காலையில் முதல் கேஸ் தொடங்கும் முன் படித்தேன். எழுத இப்போதுதான் நேரம் கிடைத்தது. கொஞ்சம் நீளும்மா, பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெல்டா பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் மயக்க மருந்து டாக்டராக இருக்கிறேன். 2001-இல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்தேன். 2005-இல் சர்வீஸ் கோட்டாவில் டிஏ கிடைத்தது. அப்போது அது இரண்டு வருட மயக்கவியல் டிப்ளமோ. நான் ஆசைப்பட்டது ஆர்த்தோ, எலும்பு மருத்துவம். கலந்தாய்வில் எனக்கு இரண்டு பேருக்கு முன்பே அந்த இடங்கள் முடிந்துவிட்டன. மயக்கவியல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, எழும்பூரில் ரயிலுக்குக் காத்திருந்த நேரமெல்லாம் ஏதோ தோற்றுவிட்ட மாதிரி இருந்தது. ஆக, நீங்கள் ஆசையோடு கேட்கிறீர்கள், நான் ஆசையில்லாமல் போனவன். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்று யாராவது ஆர்த்தோவுக்கு மாற்றித் தருகிறேன் என்றால் போகமாட்டேன்.

நாள் எப்படி இருக்கும் என்று கேட்டீர்கள். காலை ஏழரைக்குத் தியேட்டரில் இருப்பேன். ஆக்சிஜன் சிலிண்டரில் அழுத்தம் எவ்வளவு, மாற்று சிலிண்டர் நிரம்பியிருக்கிறதா, சக்‌ஷன் இழுக்கிறதா, குழாய் போடத் தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப் விளக்கு எரிகிறதா என்று ஒவ்வொன்றாக நானே தொட்டுப் பார்ப்பேன். நேற்று எரிந்தது என்பது இன்றைக்குக் கணக்கில்லை. ஒரு முறை, குழாய் போடும் நேரத்தில் விளக்கு அணைந்தது. கைக்கெட்டும் தூரத்தில் இன்னொன்று இருந்ததால் தப்பித்தோம். அன்றிலிருந்து என் பையில் சொந்தமாக ஒரு செட் உண்டு. அப்புறம் மருந்துகளை சிரிஞ்சில் எடுத்துப் பெயர் ஒட்டி வைப்பது. அட்ரோபின், எஃபெட்ரின், ஸ்கோலின் எல்லாம் பார்க்கத் தண்ணீர்தான். ஒட்டாமல் விட்ட சிரிஞ்ச் எதுவாக இருந்தாலும் குப்பைக்குப் போகவேண்டும். யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இதில் இறங்கி வராதீர்கள்.

அதன்பின் கேஸ்கள். ஹெர்னியா, அப்பெண்டிக்ஸ், சர்க்கரைப் புண் கால்கள், பிரசவம் முடிந்து குடும்பக் கட்டுப்பாடு, எல்லாவற்றுக்கும் நடுவில் சிசேரியன். வெறும் வயிற்றில் இருக்கச் சொன்னால் எங்கள் பக்கத்தில் "ஒரு வாய் காபிதான் சார்" என்பார்கள். பாலோ பால் விட்ட காபியோ குடித்தால் சாப்பாடு மாதிரிதான், ஆறு மணி நேரம் போகவேண்டும். வெறும் தண்ணீர் என்றால் இரண்டு மணி நேரம் போதும். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் ஏறிவிட்டால் என்ன ஆகும் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். அதனால் நோயாளியிடம் மட்டும் கேட்பதில்லை, கூட வந்த பாட்டியிடம் தனியாகக் கேட்பேன். பாட்டிகள் சொல்லிவிடுவார்கள்.

மயக்க மருந்து டாக்டர் ஊசி போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து செல்போன் பார்ப்பவர் என்ற எண்ணம் ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருக்கிறது. என் அனுபவத்தில் இந்த வேலையில் முக்கால்வாசி கவனிப்புதான். பல்ஸ் ஆக்சிமீட்டர் சத்தத்தைக் கேட்டிருப்பீர்கள். ஆக்சிஜன் இறங்க இறங்க அந்த ஒலியின் சுருதியும் இறங்கும். திரும்பி நின்று மருந்து எடுக்கும்போதும் என் காது அதில்தான் இருக்கும். 97-இலிருந்து 93 ஆனால் திரும்பிப் பார்க்காமலே தெரியும். அந்தக் கருவிக்கு அடிப்படையான வழியை 1970-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தவர் தகுவோ அயோயாகி என்ற ஜப்பானியப் பொறியாளர். உலகமெல்லாம் அதை விரலில் மாட்டிக்கொண்டிருந்த 2020 ஏப்ரலில் இறந்துபோனார். அடுத்த வருடம் மே மாதம் எங்கள் கொரோனா வார்டில் ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு கருவிகள் வெவ்வேறு சுருதியில் ஒலித்துக்கொண்டிருக்கும். அந்த நாட்களில் அவரை நிறைய நினைத்துக்கொண்டேன். குழாய் போடவேண்டிய ஒவ்வொருவருக்கும் அழைப்பு எங்களுக்குத்தான் வரும்.

இனி உங்கள் அம்மா சொன்ன விஷயம். நீங்கள் கேட்டதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான், ஏனென்றால் இந்த வேலைக்கு வந்தால் வாரத்துக்கு ஐந்து பேரிடம் இதையே கேட்பீர்கள். கல்யாண வீட்டில், பேருந்தில், சொந்த அக்காவிடம்.

சிசேரியனுக்குப் போடும் முதுகு ஊசி 25 அல்லது 26 கேஜ். கனம் அரை மில்லிமீட்டர், அவ்வளவுதான். தண்டுவடம் பெரியவர்களுக்கு இடுப்பின் மேல் பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. நாம் குத்துவது அதற்குக் கீழே, நரம்பு இழைகள் நீரில் மிதக்கும் இடத்தில். உள்ளே போகும் மருந்து இரண்டு மில்லி, இரண்டு மூன்று மணி நேரத்தில் தெளிந்துவிடும். குத்திய இடம் சில நாள் வலிக்கலாம். சிலருக்கு எழுந்து உட்கார்ந்தால் தலைவலி, படுத்தால் குறையும். அது உண்மையாகவே ஊசியால் வருவது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் இருபது வருட முதுகு வலிக்கும் அந்த ஊசிக்கும் தொடர்பு இல்லை.

சரி, பிறகு ஏன் இத்தனை பெண்கள் இதையே சொல்கிறார்கள்? அவர்கள் பொய் சொல்லவில்லை. வலி உண்மை. கர்ப்பத்தில் மூட்டுகளும் தசைநார்களும் தளர்கின்றன. வயிற்றுத் தசை பலம் இழக்கிறது. பிள்ளை பிறந்த பிறகு குனிந்து உட்கார்ந்து பால் கொடுப்பது, பதினைந்தாம் நாளே குடம் தூக்குவது, ரத்த சோகை, ஓய்வே இல்லாத வீட்டு வேலை. இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. முதுகில் நடந்ததாக அவர்களுக்கு நினைவில் நிற்கும் ஒரே சம்பவம் அந்த ஊசி. பயந்துபோய், யாரோ இரண்டு பேர் பிடித்து அமுக்க, முன்பின் தெரியாதவர் போட்டது. பழி அதன்மேல் விழுவது இயல்பு. அதில் எங்கள் தவறும் இருக்கிறது. போடுவதற்கு முன் இரண்டு நிமிடம் பேசியிருந்தால் பாதிப் பேருக்கு அந்தப் பயம் தங்கியிருக்காது.

நான் இப்போது "இறால் மாதிரி சுருண்டுக்கம்மா" என்று சொல்லிவிட்டு, முதுகில் விரல் வைக்கும்போதே, "இது என் கை, ஊசி இல்ல. இது குளிர்ச்சியா ஸ்பிரிட். இப்ப ஒரு எறும்புக் கடி" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போடுகிறேன். மருந்து போன சில நிமிடத்தில் பிரஷர் இறங்கும். கருவி காட்டுவதற்கு முன்பே அவள் சொல்லிவிடுவாள், "சார், வாந்தி வர்ற மாதிரி இருக்கு" என்று. அந்தக் குரல்தான் முதல் மானிட்டர். அதைக் கேட்க நாம் தலைமாட்டில் நிற்கவேண்டும், தியேட்டர் வாசலில் அல்ல.

மாமா சொல்லும் பேர் விஷயத்தில் அவர் சொல்வது சரிதான். நம்மிடம் நோயாளி திரும்பி வருவதில்லை. தீபாவளிக்கு இனிப்பு டப்பா சர்ஜனுக்குப் போகும். முதல் ஐந்து வருடம் எனக்கு அது உறுத்தியது உண்மை. ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒவ்வொரு கேஸ் ஷீட்டிலும் குழந்தைக்கு அப்கார் 8, 9 என்று எழுதுகிறீர்களே, அந்த வர்ஜீனியா அப்கார் ஒரு மயக்க மருந்து டாக்டர். அறுவை சிகிச்சை படிக்க வந்தவரை மயக்கவியலுக்குப் போகச் சொல்லித் திருப்பிவிட்டார்கள். பிறந்த குழந்தையின் இதயத் துடிப்பு, மூச்சு, தசை இறுக்கம், தூண்டினால் காட்டும் அசைவு, நிறம், ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் இரண்டு மதிப்பெண் என்று 1952-இல் அவர் வகுத்ததைத்தான் இன்றும் எழுதுகிறோம். தலைமாட்டில் நின்றவர் கண்ணுக்குத்தான் அந்தக் குழந்தை முதலில் தெரிந்தது.

வீடு பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஆன்கால் நாட்களில், அதாவது கூப்பிட்டதும் ஓடவேண்டிய முறை நாட்களில், ஆஸ்பத்திரியிலிருந்து பத்து நிமிடத்துக்குள் இருக்கவேண்டும். கல்யாணப் பந்தியில் இலை போட்ட பிறகு எழுந்து போயிருக்கிறேன். என் மகள் பள்ளி ஆண்டு விழாவில் ஆடியதை அவள் அம்மா எடுத்த வீடியோவில்தான் பார்த்தேன், இரண்டு வருடம். எங்கள் மாவட்டத்தில் முன்பு இரண்டு ஆஸ்பத்திரிக்கு நான் ஒருவனாக ஓடியிருக்கிறேன். இப்போது நான்கு பேர் இருக்கிறோம், முறை வைத்துக்கொள்கிறோம், வாழ்க்கை மனிதர்கள் வாழ்வது மாதிரி ஆகியிருக்கிறது. அதனால் இடம் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள், அங்கே எத்தனை மயக்க மருந்து டாக்டர் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஆன்கால் இல்லாத நாளில், கேஸ் முடிந்தால் வேலை முடிந்தது. வார்டில் யாரும் காத்திருக்கமாட்டார்கள். மாலை நாலரைக்குப் போன் தொந்தரவு இல்லாமல் மகளோடு கொல்லையில் செடிக்குத் தண்ணீர் ஊற்ற முடிகிறது. மெடிசின் படித்த என் நண்பனுக்கு அது கிடையாது.


மலையடிவாரம் எழுதியது:

தங்கச்சி, சார் எழுதியதற்குப் பிறகு நான் எம்ஆர்பி பற்றி மட்டும் சொல்கிறேன். நான் எம்பிபிஎஸ் மட்டும் படித்தவள். மலையடிவாரத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 11 வருடமாக இருக்கிறேன்.

வீட்டில் சம்பளம் தேவை என்றால் இதில் யோசிக்கவே வேண்டாம், எம்ஆர்பி எழுது. அதற்கும் படிக்கவேண்டும், நீட் பிஜிக்கும் படிக்கவேண்டும், பாடம் ஒன்றுதான். எம்ஆர்பியில் தமிழ்த் தகுதித் தாள் இருக்கிறது, அரசுப் பள்ளிப் பிள்ளையான உனக்கு அது சுமை இல்லை, ஆனால் அலட்சியமாக விட்டுவிடாதே. தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டு முதுநிலை இடங்களில் பாதி அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு. அந்த உள் ஒதுக்கீடு கொடுக்க மாநிலத்துக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே 2020 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. அதற்காக எத்தனை பேர் தெருவில் நின்றோம் என்பதை உங்கள் தலைமுறை தெரிந்துகொள்ளவேண்டும். எளிதில் போகமுடியாத இடங்களில் வேலை பார்த்தால் ஊக்க மதிப்பெண்ணும் உண்டு. அதனால் போஸ்டிங் கலந்தாய்வில் எல்லோரும் நகரத்துக்குப் பக்கத்தில் எடுக்கும்போது நீ மலைப்பக்கம் பார்த்தாலும் தப்பில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்து 200 கேள்வி, மூன்றரை மணி நேரப் பரீட்சைக்குப் படிப்பது கஷ்டம். காலையில் ஓபி, புறநோயாளிகள். புதன்கிழமை தடுப்பூசி. மதியம் கூட்டம், கணக்கு, கம்ப்யூட்டரில் ஏற்றுவது. இரவு எட்டு மணிக்குப் புத்தகத்தைத் திறந்தால் பாம்பு கடித்து ஒருவர் வருவார். ரத்தம் உறைகிறதா என்று கண்ணாடிக் குழாயில் எடுத்து அசைக்காமல் 20 நிமிடம் வைத்திருக்கவேண்டும், அந்த 20 நிமிடம் எந்தப் பக்கமும் மண்டையில் ஏறாது. நான் இரண்டு முறை எழுதினேன், கிடைக்கவில்லை. மூன்றாம் முறை எழுதவில்லை. அதில் எனக்கு இப்போது வருத்தம் இல்லை. நான் பிரசவம் பார்த்த பிள்ளைகள் இன்று ஐந்தாம் வகுப்பில் படிக்கிறார்கள், பள்ளி சோதனைக்குப் போனால் "அம்மா" என்று ஓடி வருகிறார்கள்.

ஆனால் ஒன்று. நடுவில் 18 வாரம் அவசர மகப்பேறுக்கான மயக்க மருந்துப் பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள், எம்பிபிஎஸ் டாக்டர்களுக்காகவே இருக்கும் பயிற்சி. அந்த 18 வாரம்தான் என் வேலையில் நான் மிகச் சுறுசுறுப்பாக இருந்த காலம். திரும்பி வந்து சில வருடம் சீமாங்க் (அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தை சிகிச்சை) மையத்தில் முதுகு ஊசி போட்டேன். உனக்கு அந்தப் பையை அமுக்கியபோது என்ன தோன்றியது என்று எனக்குத் தெரியும்.


அடையாறு இரவு எழுதியது:

எல்லோரும் எடுத்துக்கொள் என்றே சொல்கிறார்கள். மறுபக்கத்தையும் ஒருவர் சொல்லவேண்டும் என்பதால் எழுதுகிறேன். எம்டி மயக்கவியல் முடித்து சென்னையில் தனியாராக ஆறு வருடம்.

நிரந்தர வேலையை விட்டு, கேஸுக்கு இவ்வளவு என்று பல ஆஸ்பத்திரிகளுக்குப் போய் வருகிறேன். காலை ஆறு மணிக்கு ஓரிடம், பத்துக்கு இன்னோரிடம், நடுவில் கத்திப்பாரா நெரிசல். பணம் வரும், மாதக் கடைசியில் வராது, மூன்று மாதம் கழித்துக் கேட்டுக் கேட்டு வாங்கவேண்டும். நேற்று பார்க்காத நோயாளியை இன்று காலை மேஜைமேல் முதல் முறையாகப் பார்ப்பது எனக்கு ஒத்துவரவில்லை. ஓரிடத்தில் இதயப் பரிசோதனை முடிவு இல்லாமல் கேஸை எடுக்கமாட்டேன் என்றேன். அதற்குப் பிறகு அங்கிருந்து அழைப்பே வரவில்லை. அந்த நோயாளிக்குக் கடைசியில் என்ன ஆயிற்று என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

வேண்டாம் என்று சொல்ல முடிகிறவர்தான் இந்தப் பிரிவுக்கு வரவேண்டும். சர்ஜன் உங்களைவிட இருபது வயது பெரியவராக இருப்பார். உறவினர் வெளியே நிற்பார்கள். எல்லோரும் "ஒண்ணும் ஆகாதும்மா, போடு" என்பார்கள். அங்கே நின்று முடியாது என்று சொல்லவேண்டும். அமைதியான, யார் மனதும் நோகாமல் நடக்கும் பெண்ணாக வளர்த்திருப்பார்கள் நம்மை. அதை முதல் வருடத்திலேயே உதறவேண்டியிருக்கும். எனக்கு மூன்று வருடம் பிடித்தது.

அரசுப் பணியில் இந்தத் தொல்லை குறைவு என்று நினைக்கிறேன். ஆகவே மலையடிவாரம் அக்கா சொன்ன வழியே உங்களுக்கு நல்லது.


தியேட்டர் சிஸ்டர் எழுதியது:

நான் டாக்டர் இல்லை. அறுவை அரங்கில் 26 வருடம் ஸ்டாஃப் நர்ஸ், போன வருடம் ஓய்வு. நல்ல மயக்க டாக்டர் இருக்கும் தியேட்டரில் சத்தம் இருக்காது. ரத்தம் நிறையப் போகும் நேரத்தில் எல்லோர் குரலும் ஏறும், அவர் குரல் மட்டும் இறங்கும். "சிஸ்டர், இன்னொரு லைன். ரத்த வங்கிக்கு ஆள் அனுப்புங்க" என்று மெதுவாகச் சொல்வார். நாங்கள் எல்லோரும் அந்தக் குரலைத்தான் பிடித்துக்கொள்வோம். மகளே, உனக்கு அவசரத்தில் குரல் ஏறுமா இறங்குமா என்று உன்கூட டியூட்டி பார்க்கும் சிஸ்டர்களிடம் கேள். அவர்கள் சரியாகச் சொல்வார்கள்.


பொருநைப்பெண் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சிஸ்டரம்மா, கேட்டேன். லேபர் வார்டு அக்கா, "உனக்குக் குரல் ஏறாது, ஆனா முகம் வெளுத்துப் போகும்" என்றார். காவிரிக்கரை சார், அம்மாவிடம் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. ஊசியால் இல்லை என்று சொன்னால், நீ டாக்டர் ஆனதும் உன் ஆட்கள் பக்கம் பேசுகிறாய் என்பார்.


காவிரிக்கரை எழுதியது:

ஊசியால் இல்லை என்று தொடங்காதீர்கள். எங்கே வலிக்கிறது, கையால் காட்டு என்று கேளுங்கள். நோயாளியிடம் கேட்பது போலவே, அவசரம் இல்லாமல். எப்போது கூடுகிறது, எப்படி உட்கார்ந்தால் குறைகிறது, கால் வரை இறங்குகிறதா, மரத்துப்போகிறதா. அவர் பீடி சுற்றும்போது பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? பெரும்பாலான டாக்டர் வீடுகளில் அம்மாவுக்குத்தான் கேஸ் ஷீட் இருக்காது.


பொருநைப்பெண் எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்விட்டு வந்தேன். எழுதவேண்டும் என்று தோன்றியது.

சார் சொன்னபடியே உட்கார்ந்து பார்த்தேன். சின்ன வயதிலிருந்து பார்க்கும் காட்சிதான், ஆனால் இப்படிப் பார்த்ததில்லை. சுவரில் சாய்வதே இல்லை. காலை நீட்டி, மடியில் சுளகு, அதன்மேல் இலையும் தூளும், கழுத்தும் முதுகும் முன்னால் வளைந்து. காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவர் ஒரு மணி வரை எழவில்லை. ஒரு நாளைக்கு 700, 800 பீடி. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே. எங்கே வலி என்று கேட்டேன். கையைப் பின்னால் கொண்டுபோய்க் காட்டினார். ஊசி போடும் இடத்துக்கு ஒரு சாண் மேலே, தோள்பட்டைக்கும் இடுப்புக்கும் நடுவில், இரண்டு பக்கமும். கால் மரப்பு இல்லை. கண் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுப்பு. எங்கள் லேபில் கொடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 8.4. இத்தனை வருடமாக ஊர்ப்பட்ட பேருக்கு இமையை இழுத்துப் பார்த்திருக்கிறேன், அம்மாவுக்குப் பார்த்தது இதுதான் முதல் தடவை. பேருந்தில் திரும்பி வரும்போது அழுதேன்.

இரும்புச் சத்து மாத்திரையும் பூச்சி மாத்திரையும் தொடங்கியாயிற்று. மாதவிடாய் அதிகமாகப் போவதை இத்தனை நாள் சொல்லவில்லை, அதற்கு ஓஜி மேடத்திடம் வரும் வியாழன் கூட்டிப் போகிறேன். தம்பி சுவரை ஒட்டி ஒரு பலகையும் தலையணையும் போட்டுச் சாய்ந்து உட்கார வைத்திருக்கிறான். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன், எழமாட்டார் என்று தெரியும். பீடிக் கடைக்குக் கணக்குக் குறைந்துவிடும்.

ஊசி பற்றி நான் ஒன்றும் பேசவில்லை. இரவு படுக்கும்போது அவரே ஆரம்பித்தார். ஆபரேஷன் பண்ணிய டாக்டரம்மா பேர் நினைவிருக்கிறது, முதுகில் ஊசி போட்டவர் பேரும் தெரியாது, முகமும் நினைவில்லையாம். "ஆனா தலைமாட்டுல நின்னுக்கிட்டு ஒருத்தர் எங்கூடப் பேசிக்கிட்டே இருந்தாரு. பொம்பளப் புள்ளம்மா, நல்லா அழுவுதுன்னு அவருதான் மொதல்ல சொன்னாரு" என்றார். அவர்தானம்மா ஊசி போட்டவர் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எந்தப் பரீட்ச மொதல்ல வருதோ அத எழுது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எம்ஆர்பி அறிவிப்புக்குக் காத்திருக்கிறேன், நீட் பிஜிக்கும் கூடவே படிக்கிறேன். தமிழ்த் தாளுக்குப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன் தம்பியிடம். நாளை இரவு எனக்கு டியூட்டி இல்லை, மயக்கவியல் சாரிடம் கேட்டு அவர்கூடத் தியேட்டரில் நிற்க அனுமதி வாங்கியிருக்கிறேன்.